மெலிவு இசையும் தோள் சுமையும் – ஒரு சிந்தனை

பண்டைத் தமிழிசை நூலோர் இசையின் தானங்களை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். கீழ்த்தானம் மெலிவு, நடுத்தானம் சமன், மேல்தானம் வலிவு. பெயரால் மெலிவு எனப்பட்டாலும், அத்தானத்து ஒலியைப் பெரியதோர் அரங்கில் கேட்கச் செய்வதற்கே மிகுந்த ஆற்றல் வேண்டப்படுகிறது. ராக் இசையில் மெலிவுத் தானத்தைத் தாங்கி நிற்கும் கருவி பேஸ் கிட்டார். அதன் ஓசையைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயரை, அதிலும் எடை குறைந்த ஒன்றை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. சென்ற கலைவிழாவின்போது நாம் கண்ட காட்சியே அதற்கு விடை. மாணவர் இசைக்குழு ஒன்று ராக் இசை நிகழ்த்த முன்வந்தது. வாடகைக்குப் பெற்ற பழைய ஸ்பீக்கர் பெட்டியொன்றை நான்கு மாணவர்கள் இரண்டாம் மாடி அரங்கிற்குப் படிவழியே தூக்கிச் சென்றனர். இறக்கி வைத்த அளவில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். பத்து நாட்கள் வகுப்பிற்கு வரவில்லை. இத்துணைப் பாடுபட்டும் பேஸ் கிட்டாரின் இசை முன்வரிசைக்குக்கூடத் தெளிவாகக் கேட்கவில்லை. தரை அதிர்ந்தது, சுரம் விளங்கவில்லை. அடுத்த வாரம் அம்மாணவர்கள், மாலைநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு வந்து, "சார், வாட் அதிகமாக உள்ள ஆம்ப் ஒன்றை வாங்கிவிடலாமா?" என்று கேட்டனர். அவர்களுக்குக் கூறிய விடையை எல்லோர்க்குமாக இங்கே விரித்து எழுதுகிறோம்.

நம் கருத்து இதுதான்: ஆம்ப்ளிஃபயரின் எடையைத் தயங்காமல் குறைக்கலாம், ஆனால், காற்றை அசைக்கும் ஸ்பீக்கரின் பரப்பையும் பெட்டியின் கொள்ளளவையும் அளவுக்கு மீறிக் குறைத்தல் ஆகாது. வாட் கணக்கு இவற்றிற்குப் பின்னரே வரவேண்டும்.

சுமையின் வரலாறு

1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின் பேஸ் கிட்டாரை வெளியிட்டார். அதற்கு முன்னர் மெலிவுத் தானத்தை வாசிக்க ஆளுயர டபுள் பேஸைத் தூக்கித் திரிய வேண்டியிருந்தது. புதிய கருவி தோளில் மாட்டிக்கொள்ளும் அளவில் அமைந்தது. ஆயினும் சுமை ஒழியவில்லை. கருவியிலிருந்து இறங்கிப் பெட்டியில் ஏறிக்கொண்டது.

காரணம் எளிது. நான்கு தந்திகள் கொண்ட பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்தாம் தந்தி சேர்ந்தால் 31 முறை. இத்தகைய தாழ்ந்த அதிர்வுகளை நம் செவி எளிதில் உணர்வதில்லை என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர்கள் 1933-இல் அளந்து காட்டினர். எனவே, மெலிவுத் தானத்து ஒலி நடுத்தானத்திற்கு இணையாகக் கேட்க வேண்டுமாயின், மிகுதியான காற்றை அசைத்தாக வேண்டும்.

1960-களில் ராக் இசை பேரரங்குகளுக்குள் நுழைந்தது. 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 'எஸ்.வி.டி.' என்னும் 300 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரை அறிமுகப்படுத்தியது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதே ஆண்டில் தம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்திற்கு அதனைக் கொண்டு சென்றனர். ஆம்ப்ளிஃபயர் மட்டும் ஏறத்தாழ 40 கிலோ. அதனோடு இணையும், 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டியின் பிற்கால வடிவம் 60 கிலோவிற்கும் மேல். இசைக்கலைஞர்கள் அதற்கு இட்ட செல்லப்பெயர் 'ஃபிரிட்ஜ்'.

இவ்வெடையை உடல்நல அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1991-இல் திருத்தி அமைத்த கணக்கீட்டின்படி, எல்லா வசதிகளும் சரியாக அமைந்த நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க பெரும எடை 23 கிலோ. படிக்கட்டும் திருப்பமும் உள்ள இடத்தில் அது மேலும் குறையும். மாணவர் இடுப்பு பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

எடை எங்கே போயிற்று?

பிற்காலத்தில் நேர்ந்த மூன்று மாற்றங்கள் இச்சுமையை இறக்கி வைத்தன. முதலாவது, மின்வழங்கியில் நேர்ந்தது. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. இத்துணைக் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் மின்மாற்றிக்குக் கனத்த இரும்பும் செம்பும் வேண்டும். அம்மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் சுழற்சியாக மாற்றிய பின்னர் மின்மாற்றிக்குள் செலுத்தினால் உள்ளங்கையளவு மின்மாற்றியே போதுமானது. கணினிக்குள் இருக்கும் மின்வழங்கியும் இம்முறையிலேயே இயங்குகிறது.

இரண்டாவது மாற்றம் 'டி வகுப்பு' எனப்படும் பெருக்கும் முறை. பழைய முறையில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாயைப் போன்று நின்று, ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கியது. அவ்வெப்பத்தை வெளியேற்றக் கனத்த அலுமினியத் தகடுகள் தேவைப்பட்டன. புதிய முறையில் டிரான்சிஸ்டர் முழுதும் திறந்தும் முழுதும் மூடியும் நொடிக்கு இலட்சக்கணக்கான முறை இயங்குகிறது. செலவாகும் ஆற்றலில் 90 விழுக்காட்டை ஒட்டிய பங்கு ஸ்பீக்கரைச் சென்றடைகிறது.

மூன்றாவது, காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தை உருவாக்கினர். கனத்த ஃபெரைட் காந்தம் செய்த வேலையை அதனினும் மிகச் சிறிய நியோடிமியம் துண்டு செய்தது. ஸ்பீக்கரின் எடை பெரிதும் குறைந்தது.

எடை குறைந்த ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்துக்காட்டாக, இத்தாலி நாட்டு மார்க்பாஸ் நிறுவனத்தின் 'லிட்டில் மார்க் 3' என்பதைக் கூறலாம். அதன் எடை 3 கிலோவிற்கும் குறைவு. அது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 300 வாட்டும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 500 வாட்டும் தரவல்லது. புத்தகப் பைக்குள் அடங்கும் கருவி, 1969-இன் 40 கிலோ கருவிக்கு வாட் கணக்கில் ஈடு நிற்கிறது.

"கனம் இருந்தால்தான் தரம்" என்போர் இன்றும் உளர். வால்வு ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையை நெருங்கும்போது ஒலியை இறுக்கி, இனிய கரகரப்பைச் சேர்க்கிறது என்பது உண்மை. ராக் இசைக்கு அது பொருந்தியும் வருகிறது. ஆயினும் அத்தன்மையைக் காலடியில் வைக்கும் சிறு கருவி ஒன்றாலும் பெருமளவு பெறலாம். அதன் பொருட்டு 40 கிலோவைப் படியேற்ற வேண்டுவதில்லை.

மாறாத விதி

மின்னணுவியல் இத்துணை மாறியும் மாறாத விதி ஒன்று உண்டு. அது காற்றின் விதி. அமெரிக்க ஒலியியல் அறிஞர் ஹோஃப்மன் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. தாழ்ந்த அதிர்வெண் வரை எட்டும் ஆழம், குறைந்த மின்சாரத்தில் உரத்த ஒலி தரும் உணர்திறன், சிறிய பெட்டி ஆகிய மூன்றில் இரண்டையே ஒருசேரப் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்பதே அவ்விதி. நியோடிமியம் காந்தத்தின் எடையைக் குறைத்ததே அன்றிப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய காற்றின் கொள்ளளவைக் குறைக்கவில்லை.

இதனை உணராதோரே வாட் எண்ணில் மயங்குகின்றனர். வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். செவிக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்ற 10 டெசிபல் உயர வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். ஆகவே, ஒற்றைச் சிறு பெட்டியோடு டிரம்ஸின் முன் நிற்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி இடுவதற்கு ஒப்பாகும். அப்பெட்டிக்கு எத்தனை வாட் ஊட்டினும் நிலைமை பெரிதும் மாறாது.

மேற்கூறிய கருவியையே வைத்துக் கணக்கிடுவோம். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட 8 ஓம் பெட்டியை இணைத்தால் 300 வாட் கிடைக்கும். அதே போன்ற இன்னொரு பெட்டியைச் சேர்த்தால் மொத்த மின்மறுப்பு 4 ஓம் ஆகி, 500 வாட் கிடைக்கும். இதனால் 2 டெசிபலுக்குச் சற்று மேல் உயர்வு. மெலிவுத் தானத்தில் இரு ஸ்பீக்கர்கள் சேர்ந்தியங்குவதால் மேலும் 3 டெசிபல். ஆக, 5 டெசிபல் அளவு உயர்வு. இவ்வுயர்வை ஒரே பெட்டியிலிருந்து பெற வேண்டுமாயின் ஏறத்தாழ 1000 வாட்டை அதற்குள் செலுத்த வேண்டும். ஸ்பீக்கர் அதைத் தாங்குவது அரிது. நியோடிமியம் ஸ்பீக்கர் கொண்ட இத்தகைய பெட்டிகள் 15 கிலோ அளவில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். எடைக்கும் ஓசைக்கும் இடையே நாம் காணும் நல்ல உடன்பாடு இதுவே.

ஓர் எச்சரிக்கை: ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் குறிக்கப்பட்ட குறைந்தபட்ச ஓம் அளவிற்குக் கீழே செல்லலாகாது. 4 ஓம் எனக் குறித்த கருவியில் 4 ஓம் பெட்டிகள் இரண்டை இணைத்தால் அது 2 ஓம் ஆகிக் கருவிக்குக் கேடு விளையும். விளம்பரத்தில் காணும் உச்ச வாட்டையும் நம்பற்க. தொடர்ந்து தரவல்ல வாட்டையே கேட்டறிக.

தெளிவு எங்கே பிறக்கிறது?

நம் கலைவிழாவில் தரை மட்டும் அதிர்ந்ததன் காரணத்தையும் கூறியாக வேண்டும். மாணவர்கள் பேஸ் குமிழை இறுதிவரை திருப்பி, நடு அதிர்வெண் குமிழைத் தாழ்த்தி வைத்திருந்தனர். தனியறையில் அவ்வமைப்பு இனிக்கும். குழுவோடு சேர்ந்தவுடன் டிரம்ஸும் கரகரக்கும் மின் கிட்டாரும் அதனை விழுங்கிவிடும். மேலும், தாழ்ந்த ஒலியை 6 டெசிபல் உயர்த்தினால் அவ்வொலிக்கு நான்கு மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது.

நம் செவி மேற்சுரங்களைக் கொண்டே அடிப்படைச் சுரத்தை உய்த்துணர வல்லது. ஆகவே, நடு அதிர்வெண்ணை உயர்த்தினால் பேஸ் தெளிவு பெறும். 1965-இல் வெளிவந்த 'மை ஜெனரேஷன்' பாடலில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் வாசித்த தனி இசை இதற்குச் சான்று. அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதுமில்லை. இளையராஜாவின் பாடல்களைச் சாதாரண வானொலிப் பெட்டியில் கேட்ட நாம், அதன் சிறு ஸ்பீக்கர் மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தராதபோதும், பேஸ் கிட்டாரின் நடையைப் பின்தொடர்ந்து மகிழ்ந்ததுண்டன்றோ?

எனவே, கடையின் மூலையில் தனித்து வாசித்துப் பார்த்து வாங்குதல் போதாது. டிரம்ஸ் வாசிப்பவரையும் உடன் அழைத்து, குழு வாசிக்கும் அளவிலேயே சோதிக்க வேண்டும். கருவியை ஒட்டி நிற்காமல் பத்தடி தள்ளி நின்று கேட்க வேண்டும்.

செவியும் சேமிப்பும்

ராக் இசையின் உரத்த ஒலி விளையாட்டன்று. 1976-இல் இலண்டன் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ குழுவினர் நிகழ்த்திய இசை 50 மீட்டர் தொலைவில் 120 டெசிபல் என அளக்கப்பட்டுக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. அக்குழுவின் பீட் டவுன்ஷென்ட் தம் செவித்திறன் கெட்டதைப் பின்னாளில் வெளிப்படையாகவே கூறினார். முன்னர்க் குறிப்பிட்ட அதே நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே எல்லை. ஒத்திகை அறையில் நம் மாணவர்கள் மணிக்கணக்கில் இருக்கின்றனர் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பேரரங்கை நிரப்பும் பொறுப்பு மேடையிலுள்ள ஆம்ப்ளிஃபயருடையது அன்று. இன்றைய பேஸ் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அரங்கின் பொது ஒலியமைப்பிற்கு நேரே இணைப்பு கொடுக்கும் வாய் உள்ளது. அதனைப் பயன்படுத்தினால், நம் கருவி மேடையில் வாசிப்போர்க்குக் கேட்டாலே போதும்.

எடை குறைந்த கருவிக்கும் குறை உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. பழைய கருவி பழுதுற்றால், கைதேர்ந்த மெக்கானிக் உதிரிப்பாகத்தை மாற்றிச் சரிசெய்துவிடுவார். புதியவற்றில் நுண்ணிய பாகங்கள் நெருங்கிப் பதிந்திருப்பதால் பெரும்பாலும் பலகையையே மாற்ற நேர்கிறது. எனவே, பழுதுபார்க்கும் வசதி நம் ஊருக்கு எட்டும் தொலைவில் உள்ளதா என்று கேட்டறிந்தே வாங்க வேண்டும். கருவி ஓரிடத்திலேயே நிலைத்திருக்குமாயின், குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய கனத்த பெட்டியும் தக்கதே. எடை குறைவு என்பது இடம் பெயர்வோர்க்கே பெரும்பேறு.

நிறைவாக

நம் மாணவர்கள் இவற்றைக் கேட்டுத் தம்முள் கலந்து பேசினர். பெரிய வாட் எண்ணை நாடாமல், எடை குறைந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் 12 அங்குலப் பெட்டி ஒன்றையும் இவ்வாண்டு வாங்குவதென்றும், இரண்டாம் பெட்டியை அடுத்த ஆண்டில் வாங்குவதென்றும் முடிவு செய்தனர். மீந்த பணத்தில் நால்வர்க்கும் செவியடைப்பான்கள் வாங்கினர். இம்முடிவை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

மாணவச் செல்வங்களே! இசை உங்கள் இளமைக்கு அழகு சேர்க்கட்டும். ஆனால், இருபது வயதில் கெட்ட இடுப்பும் செவியும் அறுபது வயதுவரை உடன் வரும். கடைக்காரர் காட்டும் எண்ணுக்கு முன்னால், உங்கள் தோள் தாங்கும் எடையையும் அரங்கம் கேட்கும் ஒலியையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.