இரண்டடித் தொட்டியில் எத்தனை ராஜாக்கள்?

சென்ற வருஷக் கடைசியில் ஒரகடத்திலிருந்து ஒரு சிநேகிதர் கடிதம் எழுதியிருந்தார். மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு உத்தியோகம். "மீன் வளர்ப்பைப் பற்றித் தாங்கள் இந்தப் பகுதியில் இரண்டொரு தடவை ஆசை காட்டி எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டு மீன்கள் ஒவ்வொன்றாகச் சாவதற்குத் தாங்களும் ஒருவகையில் பொறுப்பாளி. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும்" என்று எழுதியிருந்தார். இப்படிக் குற்றம் சாட்டப்பட்ட பிறகு போகாமல் இருப்பது எப்படி? புறப்பட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பல வருஷம் போகாதவர்கள் இப்போது போனால் திகைத்துப் போவார்கள். 1998-ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்திலிருந்தும் வந்தன. இடையில், 2000-ஆம் வருஷத்தில், ஸ்ரீபெரும்புதூரில் ஸேன்-கோபேன் கம்பெனியின் கண்ணாடித் தொழிற்சாலை உற்பத்தியை ஆரம்பித்தது. உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு, வழவழப்பான தகடுகளாக்கும் முறை அங்கே நடைபெறுகிறது. அங்கிருந்து வந்த தகடுதானா என்று சொல்ல முடியாவிட்டாலும், சிநேகிதர் வீட்டுத் தொட்டியின் கண்ணாடி மிக நேர்த்தியாகவே இருந்தது. குறை கண்ணாடியில் இல்லை. கண்ணாடிக்கு உட்புறத்தில் இருந்தது.

வாடகை வீடு, ஒரு கூடம், ஒரு படுக்கையறை. கூடத்தின் மூலையில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் ஜலம் பிடிக்கும். அதற்குள் சிநேகிதர் ஆறு மாதத்துக்கு முன் சம்பள நாளன்று குடியேற்றிய ஜனத்தொகையைக் கேளுங்கள்: ஆஸ்கர் ஒன்று, ஏஞ்சல் இரண்டு, மலாவி ஏரியைச் சேர்ந்த மஞ்சள் மீன் நான்கு, கறுப்புக் கோடு போட்ட கான்விக்ட் ஒரு ஜோடி.

"எல்லாம் சிக்லிட் ஜாதிதான் ஸார், ஒன்றாகவே இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார்" என்றார்.

ஒரே குலத்தில் பிறந்தவர்கள் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நம்பிய அந்தக் கடைக்காரர் மகாபாரதம் கேட்டதில்லை போலிருக்கிறது!

நான் பார்த்தபோது ஒன்பதில் நான்கு மிஞ்சியிருந்தன. வாங்கிய அன்று இரண்டங்குலமாக இருந்த ஆஸ்கர் எட்டங்குலமாகி, திரும்புவதற்கே இடமில்லாமல் ஒரு பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. ஒற்றை ஏஞ்சல், துடுப்பெல்லாம் கிழிந்து, ஜலமட்டத்தை ஒட்டி நின்றது. மற்றப் பாதி ராஜ்யம் முழுவதும் கான்விக்ட் தம்பதிகளுக்குச் சொந்தம். உடைந்த பூத்தொட்டி ஒன்றில் முட்டையிட்டு, தங்களைவிடப் பல மடங்கு பெரிய ஆஸ்கரைக்கூட நடுக்கோட்டைத் தாண்டவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தன.

சிநேகிதரின் தாயார் இதெல்லாம் திருஷ்டி என்றார். சிநேகிதர் ஜலத்தின் மேல் பழி போட்டார். அவருடைய பெண், ஏழாம் வகுப்புப் படிக்கிறவள், "மாமா, அதுங்க சண்டை போடுது. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றாள். மூவரில் விஷயத்தைச் சரியாகக் கண்டவள் அவள்தான்.

சிக்லிட் என்பது ஒரு மீனின் பெயரல்ல. ஆப்பிரிக்கா, அமெரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, நம் தேசம் ஆகிய இடங்களில் பரவியிருக்கும் பெருங் குடும்பம் அது. விவரிக்கப்பட்ட இனங்களே 1,700க்கு மேல். இக்குடும்பத்தின் தனிச்சிறப்பு பிள்ளைப் பாசம். பெரும்பாலான மீன்கள் முட்டையைச் சிதறிவிட்டுத் தம் வழியே போய்விடும். சிக்லிட்டோ இடம் பிடித்து, சுத்தம் செய்து, முட்டையிட்டு, குஞ்சு நீந்தும் வரையிலும் அதற்குப் பின்னும் காவல் நிற்கும். சண்டையெல்லாம் இந்தப் பாசத்திலிருந்து பிறப்பதுதான். குஞ்சுக்காக வளைத்துப் பிடிக்கும் நிலம் எவ்வளவு என்பதே நாம் கவனிக்க வேண்டிய கணக்கு. சிறிய இனமாக இருந்தாலும் ஒரு ஜோடி இரண்டடி நீளத்தையும் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிடும். தோற்ற மீன் ஆற்றிலானால் ஓடிப்போகும். கண்ணாடிச் சுவருக்குள் எங்கே ஓடும்? ஆகவே இரண்டடித் தொட்டிக்குச் சிக்லிட் ஒரு ஜோடி, அதற்குமேல் வேண்டாம். இது என் அபிப்பிராயம். மூன்றடி, நான்கடித் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னுடன் வாதாடலாம், அவர்களுக்கு இடமிருக்கிறது.

சிநேகிதரின் ஜலத்தையும் பரிசோதித்தேன். ஆழ்துளைக் கிணற்று ஜலம். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிற வகை. சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் பரிசோதனையில் அமோனியாவும் தெரிந்தது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாது மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதலில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சிநேகிதர் தொட்டி வாங்கிய அன்றே ஒன்பது மீனையும் விட்டிருக்கிறார். கார ஜலத்திலும் கோடை உஷ்ணத்திலும் அமோனியாவின் விஷம் இன்னும் அதிகம். இது போதாதென்று, இரவு முறை வேலைக்குப் போகும் நாட்களில், "பாவம், பட்டினி கிடக்குமே" என்று இரண்டு வேளைத் தீனியைச் சேர்த்துக் கொட்டிவிட்டுப் போவாராம். வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. தின்னாத தீனிதான் அதைக் கொல்லும்.

நிற்க. அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

"ஆஸ்கரை என்ன செய்வது?" என்ற கேள்வி எழுந்தது. "ஏரியில் விட்டுவிடு, புண்ணியமாகப் போகும்" என்றார் தாயார். சிநேகிதர் வாளியை எடுத்துவிட்டார். பெண்ணுக்கும் சந்தோஷம், மீன் பிழைத்துவிடுமல்லவா? வேண்டாம் என்று அங்கேயே தடுத்திருப்பேன். ஆனால் பாட்டியின் புண்ணியத்தை எதிர்த்து விருந்தாளி வாதம் செய்வது அழகல்ல. "நானும் வருகிறேன்" என்று கூடவே நடந்தேன்.

ஏரிக்கரையில் ஒருவர் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார். இழுத்த வலையில் ஒரு விரால், இரண்டு கெளுத்தி, மற்றதெல்லாம் ஜிலேபி. எண்ணுவதற்கே பொறுமை வேண்டும். "எப்போதும் இப்படித்தானா, ஐயா?" என்று கேட்டேன். "எங்க அப்பா காலத்துல எத்தனையோ தினுசு கெண்டை வருமாம். இப்ப இதுதாங்க" என்றார்.

ஜிலேபியும் சிக்லிட்தான் என்று சொன்னபோது பெண் நம்பவில்லை. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த இந்தத் திலாப்பியா, 1952-ஆம் வருஷம் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. ஏழைகளுக்கு மலிவான உணவு கிடைக்குமென்று நல்லெண்ணத்தோடு கொண்டுவந்ததுதான். அந்த எண்ணம் ஒரளவு பலித்தும் இருக்கிறது. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுவதால் குஞ்சுகள் பெரும்பாலும் தப்பிவிடும். எந்த ஜலத்திலும் வாழும், எதையும் தின்னும். இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத ஏரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதற்குள் வலைக்காரர் இன்னொன்றை எடுத்துக் கரைமேல் வீசினார். கறுப்பாய், உடம்பெல்லாம் கவசத் தகடாய், முழங்கை நீளம் இருந்தது. "இது வலையைக் கிழிக்கிற சனியன்" என்றார். பெண் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இது கடையில விக்கிற டேங்க் கிளீனர்!"

ஆம், தொட்டிப் பாசியைத் தின்னட்டும் என்று விரலளவில் வாங்கி, பெரிதானதும் பிறர் ஏரியில் விட்ட தென்னமெரிக்க மீன்தான் அது. விட்டவர்களும் புண்ணியத்தை எண்ணித்தான் விட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்து ஏரிகளெல்லாம் சங்கிலிபோல் தொடர்ந்தவை. ஒன்று நிரம்பினால் உபரி ஜலம் அடுத்ததற்குப் போகும். சென்னை குடிக்கும் ஜலத்தைத் தேக்கிவைத்திருக்கும் செம்பரம்பாக்கம் அதே பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே மிஞ்சுவது அடையாற்றில் விழுகிறது. ஒரு வாளி எவ்வளவு தூரம் போகும் பாருங்கள்! சிநேகிதர் ஒன்றும் பேசவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் ஆஸ்கரையும் ஏஞ்சலையும் கான்விக்ட் ஜோடியையும் கடைக்கே கொண்டுபோனோம். விலை தரமுடியாது, மீனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார் கடைக்காரர். அதுவே பெரிய உபகாரம். பிறகு தொட்டியை மீனில்லாமலே ஓடவிட்டோம். நாள்தோறும் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போட்டு நுண்ணுயிர்களை வளர்த்து, அமோனியாவும் நைட்ரைட்டும் அடியோடு மறைந்த பிறகு, ஆறாவது வாரத்தில் கொளத்தூருக்குப் பிரயாணமானோம்.

சென்னையின் வடபகுதியிலுள்ள கொளத்தூரும் அதன் சுற்றுப்புறமும் வண்ண மீன் வளர்ப்புக்குப் பேர்போனவை. மொட்டை மாடியிலும் கொல்லைச் சிமெண்டுத் தொட்டியிலும் மீன் வளர்த்துப் பல குடும்பங்கள் ஜீவிக்கின்றன. அங்கே போகிறவர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போக வேண்டும். நெற்றி புடைத்த பிளவர்ஹார்னைக் காட்டி, "வீட்டுக்கு அதிர்ஷ்டம்" என்பார்கள். 1990-களில் மலேயாவில் மனிதர்கள் கலந்து உண்டாக்கிய மீன் அது. தன் நிழலோடுகூடச் சண்டைக்குப் போகும். பெரிய தொட்டியில் தனிக்காட்டு ராஜாவாக வைக்க வேண்டியது. மலாவி மீன்களின் நீலமும் மஞ்சளும் கண்ணைப் பறிக்கும். பெரிய தொட்டியில் கூட்டமாக விட்டால் கோபம் பலர்மேலும் பங்கிடப்பட்டுச் சமாளிக்கும். இரண்டடியில் அந்தப் பங்கீடு நடக்காது. ஏஞ்சலுக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம். ஓரடித் தொட்டி போதாது. ராமிரெஸி என்னும் சின்னஞ்சிறு அழகி நம் உஷ்ணத்தைச் சுகமாக ஏற்றுக்கொள்வாள். ஆனால் சுண்ணாம்பு ஜலம் அவளுக்கு ஆகாது.

எனவே எங்கள் முன் உண்மையில் நின்றவை மூன்றே. முதலாவது, மேற்கு ஆப்பிரிக்கக் கிரிபென்ஸிஸ் ஒரு ஜோடி. மூன்று நான்கு அங்குலத்துக்குள் அடங்கும். கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டை ஒன்று போதும் குடித்தனத்துக்கு. இரண்டாவது, டாங்கனீக்கா ஏரியின் ஓட்டுக்குடி மீன். இரண்டங்குலம்கூட வளராது, காலி நத்தை ஓட்டுக்குள் வீடு வைத்துக் கூட்டமாக வாழும். ஒரு ஜோடிதான் என்று நான் சொன்ன விதிக்கு விலக்கு இது. இதன் ராஜ்யமே ஓர் ஓட்டளவு. அந்த ஏரியின் ஜலமும் நம் கிணற்று ஜலத்தைப்போல் கடினமானது. வயலில் கிடக்கும் நத்தை ஓடுகளை நன்றாகக் கொதிக்க வைத்துப் போட்டால் வாடகை இல்லாத வீடு. எனக்கு இதன்மேல்தான் கண். ஆனால் அன்று கடையில் அது இருக்கவில்லை.

மூன்றாவது, நம் சொந்த மீன். கேரளத்தார் பள்ளத்தி என்பார்கள். கடையில் ஆரஞ்சுக் குரோமைடு. இந்தியாவுக்கு உரிய சிக்லிட்டுகள் மூன்றே: கேரள ராஜ்யம் 2010-ல் தன் மீனாக அறிவித்த கரிமீன், கன்னட தேசத்துக் கரிமீன், இந்தப் பள்ளத்தி. இவற்றின் கிட்டிய உறவினர் இருப்பது மடகாஸ்கரில்! ஜெர்மானியப் பண்டிதர் புளோக் 1795-லேயே பள்ளத்தியை வர்ணித்துப் பெயரிட்டுவிட்டார். மூன்றங்குலம், பொன்னிறத்தில் சிவப்புப் புள்ளிகள், கடின ஜலமும் சிறிது உப்பும் அதற்கு விருப்பம். உப்பங்கழிகளில் இளம் பள்ளத்திகள் கரிமீனின் உடம்பிலுள்ள பூசணத்தைக் கொத்திச் சுத்தம் செய்கின்றன. அதே பள்ளத்திகள் சமயம் வாய்த்தால் கரிமீனின் முட்டையைத் தின்னவும் செய்யும். சுற்றத்தார் என்றால் இரண்டும்தானே இருக்கும்!

"நம்ம ஊர் மீன்தானே மாமா, மிஞ்சினா இதை ஏரியில விடலாமா?" என்று பெண் வழியிலேயே கேட்டாள். கூடாது, கடைத் தொட்டியின் நோய் அதனுடன் சேர்ந்து போகும் என்றேன்.

இளசாக ஆறு வாங்கினோம். எது ஆண், எது பெண் என்று அந்தப் பருவத்தில் சொல்வது கஷ்டம். தாமாக ஜோடி சேர்ந்ததும் மற்ற நான்கையும் திருப்பித் தருவதென்று கடைக்காரரிடம் அப்போதே பேசிக்கொண்டோம். மேல்மட்டத்தில் ஓடித் திரிவதற்கு ஐந்தாறு ஜீப்ரா மீன். மேலே சிறு மீன்கள் பயமின்றித் திரிவதைக் கண்டால் கீழே ஒளிந்திருப்பவை தைரியமாக வெளியே வரும்.

இரு வாரத்துக்கு முன் மறுபடி கடிதம் வந்தது. இம்முறை பெண்ணின் கையெழுத்து. ஒரு ஜோடி சேர்ந்ததாம், நான்கைத் திருப்பிவிட்டார்களாம், ஓட்டுச் சில்லில் முட்டையிட்டுக் குஞ்சுகள் நீந்துகின்றனவாம். "குஞ்சுங்க அம்மா அப்பாவைக் கொத்திக் கொத்தித் திங்குது. தடுக்கணுமா?" என்று கேட்டிருந்தாள். தடுக்க வேண்டாம், பெற்றோரின் தோல்மேல் சுரக்கும் கோழைதான் அவற்றின் தாய்ப்பால் என்று பதில் எழுதினேன்.

கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. மிஞ்சப்போகும் குஞ்சுகளுக்காக, வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் வகுப்புத் தோழிகள் ஐந்து பேரின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொட்டியின் நீளமும் அகலமும் அளந்து எழுதியிருந்தாள். இருவர் பெயரை அடித்து, "சின்னது" என்று குறித்திருந்தாள்.