மாற்றுப் பார்த்த பின்னரே பொன்

சென்ற திங்களில் ஒரு நாள் மாலை, பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் திரும்பும் வண்டியில், நம் ஸ்கெலட்டனைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வாடிய முகத்துடன் அமர்ந்திருக்கக் கண்டோம். எம்.எஸ்ஸி. பௌதிகம் பயில்பவர். "என்ன தம்பி, உடம்புக்கு முடியவில்லையா?" என்று வினவினோம். "உடம்புக்கு ஒன்றுமில்லை அண்ணா. என் கருத்தரங்கக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். பொருள் நம் தங்கவயலைப் பற்றியதே. இங்குள்ள சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த ஆய்வில், புரோட்டான் என்னும் அணுத்துகள் தானே சிதைவது மெய்ப்பிக்கப்பட்டது என்று அவர் முடிவு கூறியிருந்தார். சான்று, 1981-ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரை ஒன்று. அக்கட்டுரை மெய்யானது, அதனை எழுதியோரும் தேர்ந்த விஞ்ஞானிகள். ஆயினும் இளைஞரின் முடிவு பிழை. அஃது எவ்வாறு என்பதே இத்திங்கள் நாம் சொல்ல வந்த செய்தி.

1980-ஆம் ஆண்டின் இறுதியில், சுமார் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி ஒன்று நம் சுரங்கத்தில் இயங்கத் தொடங்கிற்று. சிதைவாக இருக்கக்கூடும் என்று எண்ணத்தக்க சில நிகழ்வுகளை அது பதிவு செய்தது. கண்டதைக் கண்டவாறே அவ்விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தனர், அதில் குற்றமில்லை. பின்னர் அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்திலும், ஜப்பானில் காமியோகா சுரங்கத்திலும் இதனினும் பெரிய கருவிகள் அமைக்கப்பட்டன. அவற்றில் அத்தகைய சிதைவு காணப்படவில்லை. இன்றுவரை உலகில் எங்கும் அது உறுதிப்படவுமில்லை. நம் இளைஞரோ, கைப்பேசி முதலில் காட்டிய கட்டுரையோடு நின்றுவிட்டார்.

இதே தங்கவயலில், சாம்பியன் சுரங்கத்தில், 1965-இல் மற்றொரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் கூடி, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அது காணப்பட்டது; பின்வந்த ஆய்வுகளும் அதனை உறுதி செய்தன. ஒரே ஊர்ச் சுரங்கத்து முடிவுகள் இரண்டனுள் ஒன்று நிலைத்தது, மற்றொன்று நிலைக்கவில்லை. இவ்வேறுபாட்டைத் தேடிக் கண்டறியும் திறனையே கற்றோர் 'தகவல் அறிதிறன்' என்கின்றனர். வேண்டுவது யாது என்று தெளிதல், அதனைத் தேடி எடுத்தல், எடுத்ததை எடைபோடுதல், பிறர் கருத்தை அவர் பெயர் கூறியே ஆளுதல் ஆகிய நான்கும் அதில் அடங்கும்.

தகவலுக்கு இன்று பஞ்சமில்லை. 2025 ஜனவரி முதல் நாள் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் மத்திய அரசுத் திட்டத்தின் வழியே, அரசு உயர்கல்வி நிலையங்களின் மாணவர்க்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. களஞ்சியம் திறந்தது, பதரையும் மணியையும் பிரிக்கும் முறத்தைக் கொடுத்தோமா என்பதே கேள்வி. அது கையில் இல்லாதவர் அயலார் வரிகளைப் படியெடுத்து அல்லலுறுகின்றனர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 60 விழுக்காட்டைக் கடந்தால் மாணவரின் பதிவே நீக்கப்படலாம். ஒப்பந்தக் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டணம் செலுத்தும் தந்தைக்கு அது எத்தகைய இடி!

"கல்லூரியில் இவற்றைச் சொல்லித் தரவில்லையா?" என்று கேட்டோம். "ஒளிப்பதிவுப் பாடம் ஒன்று அனுப்பினார்கள் அண்ணா. வண்டியில் பார்த்தேன். புரிந்தது போலத்தான் இருந்தது" என்றார். போலத்தான்! நோய் அங்கேதான் உள்ளது.

மறுவாரம் நூலகர் ஒருவர் அவரைத் தம் அருகில் இருத்தி, அரைமணி நேரம் வழிகாட்டினாராம். கூகுள் ஸ்காலர் தளத்தில் அந்த 1981-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடி, அதனைப் பிற்காலத்தில் எடுத்தாண்ட கட்டுரைகளின் பட்டியலைத் திறக்கச் செய்து, ஆண்டு வரிசையில் படிக்க வைத்தாராம். மறுப்பு இருந்த இடம் இளைஞருக்குத் தானே புலப்பட்டது. கட்டுரையைத் திருத்தி எழுதினார், ஏற்கப்பட்டது.

இதனால் ஒளிப்பதிவுப் பாடம் வீண் என்று நாம் கூறவில்லை. அதிகாலை வண்டி ஏறி இரவில் வீடு திரும்பும் நம் பிள்ளைகள், வகுப்பு முடிந்தபின் நூலகத்தில் தங்கினால் வண்டி போய்விடும். அவர்களுக்குப் பயணத்திலே நிறுத்தி, மீண்டும் ஓடவிட்டுக் கேட்கத்தக்க பாடம் பெரும் உதவியே. ஆனால் வினவினால் விடை தரவோ, தடுமாறும் விரலைத் திருத்தவோ அதற்கு இயலாது. எனவே இரண்டும் இணைதல் வேண்டும். இதனைக் 'கலப்புக் கற்றல்' என்பர். பாடத்தில் 40 விழுக்காடு வரை இணைய வழியிலும், எஞ்சியது நேரிலும் நடத்தலாம் என்று 2021-இல் மானியக் குழுவே கருத்துரைத்தது. தேடும் முறைகளை முன்கூட்டியே கைப்பேசியில் கேட்டு வரட்டும். நேர்வகுப்பில் அறிவியல் ஆசிரியரும் நூலகரும் உடனிருக்க, மாணவர் ஒவ்வொருவரும் தம் சொந்த ஆய்வுப் பொருளையே தேடிப் பழகட்டும். பின்னர் தேடிய வழியை எழுதி இணையத்தில் அனுப்பித் திருத்தம் பெறட்டும்.

இது புதுமையன்று. நம் சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், நூலைக் காப்பது மட்டுமன்றி, வாசகர்க்கு உதவுவதும் அவர் காலத்தை மிச்சப்படுத்துவதும் நூலகரின் கடமை என்று வற்புறுத்தியவர். கருவி மாறிற்று, கடமை மாறவில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். நம்மில் பலர் பள்ளியிறுதியைத் தாண்டாதவர். எம்.எஸ்ஸி. படிப்பில் நாம் என்ன கேட்பது என்று ஒதுங்க வேண்டுவதில்லை. "இதை யார் சொன்னார்? எப்போது சொன்னார்? பிறகு வேறு யாராவது மறுத்தாரா?" என்னும் மூன்று வினாக்களைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. நூலகரிடம் சென்றாயா என்றும் கேளுங்கள்.

2001-இல் மூடப்பட்ட நம் சுரங்கங்களில் பாட்டனாரும் தந்தையாரும் வெட்டிய பாறை, மேலே வந்த உடனே பொன்னாகிவிடவில்லை. இடித்து, அரைத்து, மாற்றுப் பார்த்த பின்னரே பொன் எனப்பட்டது. ஒரு டன் பாறைக்குச் சில கிராமே தேறிற்று. அவர்தம் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் வெட்டியெடுப்பதற்கும் அதே முறைதான்.