காப்பீட்டுப் பத்திரம் சொன்ன சாட்சியம்

கத்தோலிக்கக் குருக்கள் சிறாரிடம் இழைத்த பாலியல் கொடுமைகள் அயர்லாந்தில் அடுத்தடுத்து அம்பலமானபோது, அக்குற்றத்தின் இயல்பை அந்தக் காலத்தில் தாங்கள் சரிவர அறிந்திருக்கவில்லை, போகப்போகத்தான் கற்றுக்கொண்டோம் என்பதே அங்குள்ள திருச்சபைத் தலைமை சொன்ன சமாதானமாக இருந்தது. டப்ளின் உயர்மறைமாவட்டம், அதாவது பேராயர் ஒருவரின் ஆளுகைக்கு உட்பட்ட பெரிய மறைமாவட்டம், 1975 முதல் 2004 வரை இத்தகைய புகார்களை எவ்வாறு கையாண்டது என்பதை ஆராய 2006இல் நீதிபதி இவோன் மர்ஃபி தலைமையில் அமைக்கப்பட்ட ஆணையம், 2009 நவம்பரில் வெளியான தன் அறிக்கையில் அந்தச் சமாதானத்தை ஏற்க மறுத்தது. மறுப்புக்கு அது காட்டிய சான்றுகளுள் மிக வலியது, பாதிக்கப்பட்டவர்களின் கண்ணீரோ மனம் திருந்திய குரு ஒருவரின் வாக்குமூலமோ அன்று. ஒரு காப்பீட்டுப் பத்திரம்.

குருக்களின் பாலியல் குற்றங்களுக்காகத் தன்மீது தொடரப்படக்கூடிய இழப்பீட்டு வழக்குகளின் செலவை ஈடுகட்டிக்கொள்ள டப்ளின் உயர்மறைமாவட்டம் 1987இல் காப்பீடு எடுத்தது. அதற்குள் ஜான் சார்ல்ஸ் மக்குவைட், டெர்மட் ரையன், கெவின் மக்னமாரா ஆகிய மூன்று பேராயர்களின் காலத்தில் குறைந்தது 17 குருக்களைப் பற்றிய புகார்கள் பேராயகத்தை எட்டியிருந்தன. ஆபத்தின் அளவை ஓரளவேனும் கணித்தவரே அதற்குக் காப்பீடு தேடுவர் என்பதால், அறியாமை என்னும் வாதம் இந்த ஓர் ஆவணத்தின் முன்னேயே நிற்க இயலாமல் போகிறது. பிள்ளைகளைப் பலிபீடப் பணிக்கு அனுப்பிய பெற்றோருக்கு மட்டும் அந்த ஆபத்து சொல்லப்படவில்லை. இரகசியம் காத்தல், இடறலைத் தவிர்த்தல், திருச்சபையின் நற்பெயரைக் காத்தல், அதன் சொத்துகளைப் பேணுதல் ஆகியவையே 1990களின் நடுப்பகுதி வரையிலேனும் மறைமாவட்டத்தின் கவலைகளாக இருந்தன என்று ஆணையம் முடிவுகட்டியது. இடறல் என்பது, குருவின் குற்றம் வெளியே தெரிந்தால் விசுவாசிகளின் நம்பிக்கை குலையும் என்ற அச்சத்தைக் குறிக்கும் திருச்சபை வழக்கு. குற்றத்தைவிட அதன் செய்தியே பெரிய தீங்காகக் கருதப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இந்த மனப்பாங்கு 1987இல் திடீரெனத் தோன்றியதன்று. 1960இல் டப்ளினின் கிரம்லின் பகுதியிலிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் ஆன்மீகப் பணியாற்றிய குரு ஒருவர், அங்கிருந்த சிறுமிகளை ஆபாசமாகப் படமெடுத்து, பிலிமைக் கழுவுவதற்கு இங்கிலாந்துக்கு அனுப்பினார். படங்களைக் கண்ட பிலிம் கழுவும் கூடம் அவற்றை ஸ்காட்லாந்து யார்டிடம் ஒப்படைக்க, விவகாரம் அயர்லாந்துக் காவல்துறையின் ஆணையருக்கு வந்து சேர்ந்தது. ஆணையரோ குருவைக் கைதுசெய்வதற்குப் பதிலாகப் பேராயர் மக்குவைடைச் சந்தித்து, விவகாரத்தை அவரே பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். பெண்ணுடலைப் பற்றிய அறியாமையில் விளைந்த வியப்பே குருவை அவ்வாறு செய்யத் தூண்டியது என்று கருதிய பேராயர், நல்ல கத்தோலிக்க மருத்துவர் ஒருவரைக் கொண்டு அவருக்கு அறிவூட்ட ஏற்பாடு செய்தார். அந்தக் குரு பணியில் தொடர்ந்தார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது 1997இல்தான், அவ்வழக்கில் பிற்காலத்தில் நிகழ்ந்த மற்றொரு குற்றமும் சேர்ந்திருந்தது. 1960க்கும் 1997க்கும் இடைப்பட்ட 37 ஆண்டுகளை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் கணக்கில் கொள்ளவில்லை.

மறைப்பதற்குப் பொய் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாதவாறு ஒரு கோட்பாடும் கைவசம் இருந்தது. மன ஒதுக்கீடு எனப்படும் அது, கேட்பவர் தவறாகப் புரிந்துகொள்ளும்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதை உண்மையாக்கும் மீதிப் பகுதியைச் சொல்பவர் தம் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்னும் பழைய அறவியல் வாதம். 1988 முதல் பேராயராகவும் பின்னர் கர்தினாலாகவும் இருந்த டெஸ்மண்ட் கானல், இழப்பீட்டுக்காக மறைமாவட்ட நிதி பயன்படுத்தப்படுவதில்லை என்று கூறியிருந்தார்; உண்மையில் குரு ஒருவர் தம்மால் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுப்பதற்காக அந்நிதியிலிருந்தே கடன் தரப்பட்டிருந்தது. தாம் நிகழ்காலத்தில் பேசியதால் கடந்தகாலத்தைப் பற்றிப் பொய் சொல்லவில்லை என்பது அவருடைய விளக்கம். 1995இல் அவர் காவல்துறைக்கு 17 குருக்களின் பெயர்களைத் தர அனுமதித்தது உண்மையிலேயே ஒரு முன்னேற்றம். ஆயினும் அப்போது மறைமாவட்டம் அறிந்திருந்தது குறைந்தது 28 பேரைப் பற்றிய புகார்களை.

சிறார்மீதான பாலியல் வன்முறையைக் குற்றமென்று அறிவித்து, குருத்துவத்திலிருந்து நீக்கும் தண்டனைவரை வகுத்திருந்த திருச்சபைச் சட்டத்தையேனும் பேராயர்கள் பயன்படுத்தினார்களா என்றால், ஆணையம் ஆராய்ந்த முப்பது ஆண்டுகளில் அச்சட்டப்படி நடந்த விசாரணைகள் இரண்டே. இரண்டும் கானல் தொடங்கிவைத்தவை. நாட்டுச் சட்டம் கைவிடப்பட்டதற்குத் திருச்சபையின் தன்னாட்சி காரணமாகக் காட்டப்படுமானால், அந்தத் தன்னாட்சியின் சொந்தச் சட்டமும் அலமாரியில் உறங்கியதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அரசு அதிகாரிகளும் தம் கடமையைச் செய்யாமல் மறைப்புக்குத் துணைநின்றனர் என்று ஆணையம் சொன்னதையும் இங்கே சேர்த்தே வாசிக்க வேண்டும்: பேராயரிடம் கோப்பைக் கொண்டுசென்ற ஆணையர் தனிமனிதர் அல்லர், ஒரு பழக்கத்தின் பிரதிநிதி.

ஆணையம் 2006இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுதித் தகவல் கோரியபோது, அதற்குப் பதில் வரவில்லை. கோரிக்கை உரிய தூதரக வழியில் வரவில்லை என்று வத்திக்கான் அயர்லாந்து வெளியுறவுத் துறையிடம் தெரிவித்தது. அறிக்கை வெளியான பின் லிமரிக் ஆயர் டொனால் மரே பதவி விலகினார். டப்ளினின் துணை ஆயர்கள் இருவர் அளித்த விலகல் கடிதங்களைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 ஆகஸ்டில் ஏற்க மறுத்துவிட, அவர்கள் பணியில் நீடித்தனர்.