தாமதமும் ஆபத்து, அவசரமும் ஆபத்து!

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. பெங்களூரு கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்தில் பல விமான நிறுவனங்களின் பயணிகள் பதிவு முறை திடீரெனச் செயலிழந்தது. ஊழியர்கள் காகிதத்தையும் பேனாவையும் கையில் எடுத்தனர். நாட்டின் பல விமான நிலையங்களில் அன்று பயணிகளுக்குக் கிடைத்தது கையால் எழுதப்பட்ட போர்டிங் பாஸ். இண்டிகோ நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 200 விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. உலகத்துக்கே மென்பொருள் எழுதித் தருவோர் லட்சக்கணக்கில் வாழும் நகரம், தனது விமான நிலையத்தில் அரை நூற்றாண்டு பின்னோக்கிச் சென்று நின்றது.

இதற்குக் காரணம் எதிரி நாட்டின் சதியோ, இணையத் திருடர்களின் கைவரிசையோ அல்ல. கணினிகளைக் காப்பதற்காகவே அனுப்பப்பட்ட ஒரு புதுப்பிப்புதான் காரணம். அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு சிறிய கோப்பை இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு வெளியிட்டது. தவறு தெரிந்து 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கிவிட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. மைக்ரோசாஃப்டின் மேகக் கணினிச் சேவையில் அன்று அதிகாலை நேர்ந்த வேறொரு கோளாறும் சேர்ந்துகொண்டு குழப்பத்தைப் பெருக்கியது.

ஒரு சிறு கோப்பு இத்தனை பெரிய நாசத்தை எப்படி விளைவித்தது? விடை, கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உட்கருவில் இருக்கிறது. நினைவகம், வட்டு, வலைப்பின்னல் என ஒரு கணினியின் எல்லா உறுப்புகளும் கெர்னலின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவை. சாதாரணச் செயலி ஒன்று தவறு செய்தால் அந்தச் செயலி மட்டும் நின்றுபோகும். கெர்னலுக்குள் இயங்கும் ஒன்று தவறு செய்தால் கணினியே நின்றுபோகும். கிரவுட்ஸ்டிரைக் மென்பொருளின் ஒரு பகுதி கெர்னலுக்குள் இயங்குவது. புதிய கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது. மென்பொருளோ 20 மட்டுமே தந்தது. இல்லாத 21-ஆவதைப் படிக்க முயன்றபோது கணினிகள் நிலைகுலைந்தன. திரும்பத் திரும்ப முடங்கிய கணினிகள் பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இதைக் கண்டு, "புதுப்பிப்புகளே வேண்டாம், ஓடும் கணினியைத் தொடாமல் இருப்பதே நல்லது' என்று முடிவுகட்டும் அதிகாரிகள் நம் அரசு அலுவலகங்களில் குறைவல்ல. அந்த முடிவு எத்தகைய விபரீதத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்கு 2017-ஆம் ஆண்டே சாட்சி. விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் தேதி வெளியிட்டது. மே 12-ஆம் தேதி அதே ஓட்டை வழியாக "வான்னாகிரை' என்ற பணயத் தீநிரல் பரவியது. இடையே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தும், திருத்தத்தைப் போடாதவர்களே பெரும்பாலும் பலியாயினர். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. ஆந்திரக் காவல் துறையின் கணினிகளும் தப்பவில்லை.

ஆக, தாமதித்தால் திருடன் நுழைகிறான்; அவசரப்பட்டால் காவல்காரனே கதவை அடைத்து வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிடுகிறான். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இல்லாமலில்லை. புதுப்பிப்பை முதலில் சோதனைக் கணினிகளில் போட்டுப் பார்ப்பது, பிறகு சிறு எண்ணிக்கையில், அதன் பின்னரே அனைத்திலும் என்று படிப்படியாகப் பரப்புவது, கோளாறு நேர்ந்தால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப ஏற்பாடு வைத்திருப்பது என்பவை இத்துறையினர் நெடுங்காலமாக அறிந்த ஒழுங்குகள்தாம். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமும் தனது முதன்மை மென்பொருளுக்கு இந்த ஒழுங்கைப் பின்பற்றியது; அன்று அனுப்பியது போன்ற சிறு கோப்புகளுக்குத்தான் பின்பற்றவில்லை. சிறியதுதானே என்ற அலட்சியத்தின் விலைதான் ஜூலை 19.

இந்தியாவில் உண்மையான கவலை தொழில்நுட்பம் பற்றியதல்ல, பொறுப்பு பற்றியது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு அதில் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க வழக்கமான திருத்தங்கள் கிடைக்காது என்பது ஊரறிந்த செய்தி. ஆனாலும் நமது வங்கிகளின் ஏடிஎம் இயந்திரங்கள் பல அதிலேயே ஓடிக்கொண்டிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கண்டிப்பான உத்தரவு பிறப்பித்து, 2019 ஜூனுக்குள் படிப்படியாக அனைத்தையும் மாற்றக் கெடு விதித்த பிறகுதான் வங்கிகள் அசைந்துகொடுத்தன. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. மத்திய, மாநில அரசு அலுவலகங்களில் அந்த இயங்குதளத்தில் ஓடும் கணினிகள் எத்தனை, அவற்றை மாற்ற நிதி எங்கே என்ற கேள்விகளை மக்கள் பிரதிநிதிகள் எழுப்ப வேண்டிய நேரம் இது.

அன்னிய இயங்குதளத்தைக் கைவிட்டுச் சுதேசி இயங்குதளத்துக்கு மாறினால் தீர்ந்தது என்பார்கள் சிலர். அந்த முயற்சிகள் வரவேற்கத்தக்கவையே. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய "பாஸ்' இயங்குதளமும், 2023-இல் பாதுகாப்பு அமைச்சகம் கையிலெடுத்த "மாயா' இயங்குதளமும் லினக்ஸ் கெர்னலை அடிப்படையாகக் கொண்டவை. ஆனால், லினக்ஸும் ஓட்டையே இல்லாத பாத்திரமல்ல. 2016 அக்டோபரில் அடைக்கப்பட்ட "டர்ட்டி கவ்' என்ற ஓட்டை, 2007 முதல் ஒன்பது ஆண்டுகள் எவர் கண்ணிலும் சரியாகப் படாமல் அந்தக் கெர்னலில் இருந்தது. சாதாரணப் பயனர் ஒருவர் அதன் வழியே கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. அதன் மூல நிரல் உலகறியத் திறந்திருப்பதால் திருத்தம் விரைவில் வருகிறது. அதை எடுத்துப் போட இங்கே ஆள் வேண்டும். நீண்டகால ஆதரவுள்ள லினக்ஸ் கெர்னல்களுக்கான பராமரிப்புக் காலத்தை ஆறு ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைப்பதாக அதன் பராமரிப்பாளர்கள் 2023-இல் அறிவித்தனர். ஒருமுறை நிறுவிவிட்டுப் பத்தாண்டுகள் மறந்துவிடும் நமது அரசு நடைமுறைக்கு அது ஓர் எச்சரிக்கை மணி.

நோய் எங்கே இருக்கிறது என்பதை நாடாளுமன்றப் பதிவேடுகளே சொல்கின்றன. 2022 நவம்பர் 23-ஆம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, பல நாள்கள் நோயாளிகள் பதிவு கையால் நடந்தது. வலைப்பின்னல் முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே இதற்குக் காரணம் என்று பின்னர் மாநிலங்களவையில் அரசு எழுத்துமூலம் ஒப்புக்கொண்டது. அதாவது, நாட்டின் தலையாய மருத்துவமனையில் அடிப்படைப் பராமரிப்பே சரியில்லை. கட்டடம் கட்டவும் கணினி வாங்கவும் பணம் ஒதுக்குவோர், அவற்றைப் பராமரிப்பதைச் செலவாகவே பார்க்கிறார்கள். புதிய திட்டத்துக்குத் திறப்பு விழா உண்டு. பழைய கணினிக்குத் திருத்தம் போட்டதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

சட்டமும் இந்த மனப்போக்கையே பிரதிபலிக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான "செர்ட்-இன்', இணையத் தாக்குதல் பற்றி ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. வீடு எரிந்த பிறகு தீயணைப்புத் துறைக்குச் சொல்ல ஆறு மணி நேரக் கெடு. தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் அதே கண்டிப்பு வேண்டாமா? அமெரிக்காவில் 2021 நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட ஆணை, திருடர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஓட்டைகளைப் பட்டியலிட்டு, புதியவற்றைப் பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் அடைத்தாக வேண்டும் என்று மத்திய அரசுத் துறைகளைக் கட்டாயப்படுத்துகிறது. அறிவுரைகளுக்கும் வழிகாட்டுதல்களுக்கும் இங்கே பஞ்சமில்லை; தேவைப்படுவது இத்தகைய கெடுவும், தவறினால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பெயரும்தான்.

வெளிப்படைத்தன்மை இல்லாத இடத்தில் பொறுப்பும் இருக்காது. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி பற்றிச் செய்தி கசிந்தபோது முதல் நாள் மறுப்பு வந்தது. மறுநாளே, நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு பாதிக்கப்படவில்லை என்ற விளக்கம் ஆறுதல் அளித்தாலும், முதல் நாள் மறுப்பு தென் மாவட்ட மக்களின் நம்பிக்கையைக் குலைத்தது. 2023 நவம்பரில் "செர்ட்-இன்' அமைப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து மத்திய அரசு விலக்கும் அளித்துவிட்டது. திருடனுக்குத் துப்புக் கிடைக்கக் கூடாது என்பது நியாயம். ஆனால் அந்தத் திரை, பூட்டைச் சரிபார்க்க மறந்தவரையும் சேர்த்தே மறைத்துவிடக் கூடாது.

பெங்களூரு நிகழ்வுக்குச் சில நாள்களில், 2024 ஆகஸ்டில், கர்நாடக அரசு இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது நல்ல தொடக்கம். அரசின் சொந்தக் கணினிகளைக் காப்பதற்கென அதில் தனிப் பகுதியே உண்டு. தமிழக அரசும் 2020-இல் இதற்கெனக் கொள்கை வகுத்தது. ஏட்டில் உள்ளவை மேசைக்கு மேசை நடைமுறைக்கு வந்தனவா என்பதை மாநிலக் கணக்குத் தணிக்கை அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். கணினி வாங்கும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும், எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும், யார் சோதிப்பது, எத்தனை நாளில் போடுவது, பாழானால் யார் பொறுப்பு என்ற நான்கும் எழுதப்பட வேண்டும்.

2024 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைத் துணைக்குழு முன்பு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஆஜராகி மன்னிப்புக் கேட்டார். உறுப்பினர்களின் கேள்விகளுக்கு வெளிப்படையாகப் பதில் சொன்னார். பெங்களூரில் கால்கடுக்க நின்ற பயணிக்கும் அந்த விளக்கத்தைக் கேட்கும் உரிமை உண்டு. தகவல் தொழில்நுட்பத்துக்கான நமது நாடாளுமன்ற நிலைக்குழுவும் அரசுத் துறைகளையும் நிறுவனங்களையும் அழைத்து, "கடைசியாக எப்போது திருத்தம் போட்டீர்கள்?' என்று கேட்பதை ஆண்டு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மழைக்கு முன் கூரை மேய்பவனை ஊர் பாராட்டுவதில்லை. மேயாமல் விட்டவனை ஊர் கேள்வி கேட்காமலாவது இருக்கக் கூடாது.