கோப்புகளைப் பூட்டுவது கல்வியை மறைப்பதாகுமா?

மதரஸாக்களும் ஜமாஅத்துகளும் பயான்களையும் தஜ்வீத் பாடங்களையும் ஒலிக்கோப்புகளாகத் தங்கள் இணையதளங்களில் ஏற்றி வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. கேட்பவரிடம் காசு வாங்குவதில்லை. எனினும் அக்கோப்பு கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் அதற்கான செலவை யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார். இதை அதிகம் பேர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு கோப்பைத் தரவிறக்கித் தம் இடத்தில் வைக்காமல், அது இருக்கும் முகவரியை மட்டும் எடுத்துத் தம் பக்கத்தில் பொருத்திக்கொள்வதை ‘ஹாட்லிங்க்’ என்கிறார்கள். பார்ப்பவருக்கு அது அத்தளத்தின் சொந்தச் சரக்காகவே தோன்றும். ஒலி வருவதோ உரியவரின் சர்வரிலிருந்து. ‘இன்ன தளத்தில் நல்ல பயான் இருக்கிறது, அங்கே சென்று கேளுங்கள்’ என்று வழிகாட்டுவது வேறு. அதை நாம் மகிழ்ந்து வரவேற்கிறோம்.

கணக்கு எளிது. 40 எம்பி அளவுள்ள ஒரு பயானை 1,000 பேர் முழுமையாகக் கேட்டால் 40 ஜிபி செலவாகிவிடும். மாதம் 100 ஜிபி மட்டுமே தரும் சிறிய திட்டமென்றால், 2,500 பேர் கேட்டதும் கணக்குத் தீர்ந்துவிடும். எங்கள் மதரஸாவின் தளம் சென்ற ரமழானில் 20ஆம் நோன்போடு நின்றுபோனது இப்படித்தான். சர்வரின் பதிவேட்டைப் பார்த்தபோது, கோரிக்கைகளில் பெரும்பகுதி விளம்பரங்கள் ஓடும் வேறொரு தளத்தின் வழியாக வந்திருந்தது. வருமானம் அவர்களுக்கு, கட்டணம் ஊர் மக்களின் சந்தாவிலிருந்து. அதே மாதத்தில் எங்கள் மாணவர்களின் பெற்றோர் ஓதல் பாடத்தைக் கேட்க இயலாமல் தவித்தனர்.

இதைத் தடுக்க வேண்டும் என்றதும், ‘மார்க்கக் கல்வியை மறைக்கலாமா?’ என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான அச்சம்தான். ஆனால் மதீனாவின் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கியதை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அத்தகைய கிணற்றில் எவரும் குடிக்கலாம். ஒருவர் அதில் குழாய் இறக்கித் தம் கடையில் தண்ணீர் விற்றால், பொறுப்பாளர் வாய்மூடி இருக்கலாமா? குழாயை அகற்றுவதால் தண்ணீர் மறைக்கப்பட்டதாகாது. நன்கொடைப் பணம் அமானிதம். அதைக் காப்பது நிர்வாகியின் கடமை என்பதே நம் கருத்து.

வழி கடினமானதன்று. ஒரு பக்கத்திலிருந்து கோப்பைக் கேட்கும்போது, எந்தத் தளத்திலிருந்து கேட்கிறது என்பதை பிரவுசர் பொதுவாக சர்வருக்குத் தெரிவிக்கும். ‘ரெஃபரர்’ என்பது அக்குறிப்பின் பெயர். (ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைந்து, பிழையாகவே தரநிலையில் ஏறிவிட்ட சொல் அது. தஜ்வீத் ஆசிரியர்களுக்கு இது உறுத்தும்.) நம் தளத்தின் பெயர் இருந்தால் கொடு, வேறு பெயர் இருந்தால் மறு என்று அப்பாச்சி சர்வரில் சில வரிகளில் எழுதிவிடலாம். சிபேனல் வைத்திருப்போருக்கு எழுதும் வேலையும் இல்லை. ஹாட்லிங்க் தடுப்பு என்ற பகுதியே அதில் இருக்கிறது. கிளவுட்ஃப்ளேரிலும் உண்டு. ஆனால் அது படக்கோப்புகளை மட்டுமே காக்கும், பயான்களுக்கு உதவாது.

இங்கே ஒரு கவனம் தேவை. குறிப்பு வெறுமையாக வரும் கோரிக்கைகளை மறுக்கக் கூடாது. முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்பவர், வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொடும் மூதாட்டி, தனியுரிமைக்காகக் குறிப்பை மறைத்திருப்பவர் ஆகியோரெல்லாம் அப்படி வரக்கூடும். அவர்களை விரட்டினால்தான் கல்வியை மறைத்த குற்றச்சாட்டு நம்மீது பொருந்தும். தேடுபொறிகளையும் அனுமதிப்பது நல்லது. குறிப்பே செல்லாதபடி தம் பக்கத்தை அமைத்துக்கொண்டு இந்தத் தடையைத் தாண்டும் தளங்களும் உண்டு. பெரிய கோப்புகளுக்கு, சில மணி நேரத்தில் காலாவதியாகும் முகவரிகளை உருவாக்குவதே அதற்கு மருந்து.

பழிவாங்கும் முறை ஒன்றும் இருக்கிறது. இளைஞர்களுக்கு அதுவே பிடிக்கும். 2007இல் அமெரிக்க அரசியல்வாதி ஜான் மெக்கெய்னின் மைஸ்பேஸ் பக்கம், மைக் டேவிட்சன் என்ற வடிவமைப்பாளரின் சர்வரிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. டேவிட்சன் அந்தப் படத்தை மாற்றிவிட்டார். மெக்கெய்ன் தம் கொள்கையையே மாற்றிக்கொண்டதாக அறிவிக்கும் வாசகம் அவருடைய சொந்தப் பக்கத்திலேயே தோன்றியது. உலகம் சிரித்தது. நமக்கோ அதில் உடன்பாடில்லை. நம் கோப்பைக் கொடுக்க மறுக்கும் உரிமை நமக்குண்டு; பிறர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் உரிமை இல்லை. ‘இப்பாடத்தை எங்கள் தளத்தில் கேட்கலாம்’ என்ற ஒரு வரி அறிவிப்பு போதுமானது.

தடுப்பதற்கு முன்பு அத்தளத்தாருக்கு மடல் எழுதி, ‘கோப்புகளைத் தரவிறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு மறுப்பில்லை’ என்று தெரிவித்தோம். ஒரு வாரம் பொறுத்தோம். பதில் வரவில்லை. தடையை இட்ட மறுநாள் காலை அவர்களிடமிருந்து மடல் வந்தது: உங்கள் சர்வர் பழுதாகியிருக்கிறது, உடனே சரிசெய்யுங்கள் என்று.