ப்ராஜெக்ட் வாங்காதே, சிப் வாங்கு!

எஞ்சினீயரிங் கடைசி வருஷ மாணவர்களை நம்பி நம் ஊரில் ஒரு வியாபாரமே நடக்கிறது. 'ப்ராஜெக்ட் சென்டர்' என்று போர்டு மாட்டியிருப்பார்கள். உள்ளே போனால் ஓட்டல் மெனு மாதிரி தலைப்புப் பட்டியல். ஒன்றைத் தொட்டுக்காட்டிப் பணம் கட்டினால் பலகையில் திருகிய சர்க்யூட், பைண்டு பண்ணின ரிப்போர்ட், வைவாவில் என்ன கேட்டால் என்ன சொல்லணும் என்று ஒரு தாள், மூன்றும் கைக்கு வரும். மாணவர் செய்யவேண்டியது, முதல் பக்கத்தில் தன் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்.

இது மோசடி என்றால் கோபம் வருகிறது. "எல்லாரும்தானே வாங்கறாங்க, மார்க் வந்தா போதும் ஸார்" என்கிறார்கள். மார்க் வரும். போதுமா என்பதை ஏலக்காயிடம் கேட்கலாம்.

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து ஏலமலை. காலையில் ஜீப் ஜீப்பாகத் தொழிலாளர்கள் மேலே போகிறார்கள். காய்ந்த காய் மூட்டையாகக் கீழே வருகிறது. போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலம் 2007-லேயே கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. விலை திரையில் ஓடுகிறது. ஆனால், அந்த விலையில் பாதி, அதற்கு முந்தைய ராத்திரிகளில் 'ஸ்டோர்' என்று சொல்லப்படும் உலர்த்தும் கட்டடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

பறித்த பச்சைக்காயில் சுமார் 80 சதவிகிதம் தண்ணீர். அதைப் பத்து சதவிகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரவேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ தேறும். 45 முதல் 55 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் முழுக்க, சில சமயம் அதற்கும் மேலே காயவேண்டும். சூடு அதிகமானாலும், ஈரக்காற்று வெளியேறாமல் தங்கினாலும் பச்சை போய்விடும். நிறம் போனால் விலை போச்சு. அதனால் யாரோ ஒருவர் ராத்திரி பூரா கண் விழிக்கிறார்.

மைக்ரோகன்ட்ரோலருக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை இது. சரி, பட்டியலில் வாங்கின 'ஸ்மார்ட் டிரையர்' பலகையை அங்கே கொண்டுபோய் மாட்டுவோம். என்ன ஆகும்?

முதல் கோளாறு சென்சாரில். மலிவு என்பதற்காக எல்லாப் பலகையிலும் ஒட்டியிருப்பது டிஹெச்டி11. அதன் டேட்டாஷீட் போட்டிருக்கிற எல்லை 0 முதல் 50 டிகிரி வரை. நமக்கு வேண்டியது 55. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தைப் படித்திருந்தால் போதும், டிஹெச்டி22 வாங்கியிருக்கலாம். அது 80 வரை தாங்கும். சூடு மட்டும் போதுமென்றால் டிஎஸ்18பி20. அதிலும் போலிகள் உண்டு. ஐஸ் தண்ணீரில் முக்கினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டணும். இந்தப் பரீட்சைக்கு லேப் வேண்டாம், டம்ளர் போதும்.

இரண்டாவது கோளாறு கண்ணுக்குத் தெரியாது. ஆர்டுயினோ யூனோ பலகையில் இருக்கிற ஏடிமெகா328 எட்டு பிட் சிப். அதன் கம்பைலருக்கு 'இன்ட்' என்றால் 16 பிட், அதிகபட்சம் 32,767. உலர்த்த ஆரம்பித்ததிலிருந்து விநாடிகளை அதில் எண்ணினால் 9 மணி 6 நிமிஷம் 7 விநாடி வரை ஒழுங்காகப் போகும். அடுத்த விநாடி, மைனஸ் 32,768! சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பு மூட்டினால், விடிகாலை மூன்றேகாலுக்குள் சிப்புக்குக் காலம் பின்னோக்கி ஓடியிருக்கும். எப்போது ஃபேன் போடுவது என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு பண்ணினால் ஃபேன் நிற்கும், காய் பாழாகும். அதே ப்ரோக்ராமை ஈஎஸ்பி32-ல் ஏற்றினால் இந்தத் தொல்லை வராது; அங்கே 'இன்ட்' 32 பிட். யூனோவிலேயே 'அன்சைன்டு லாங்' என்று ஒரு வார்த்தை மாற்றியிருந்தாலும் தப்பித்திருக்கலாம். மாற்ற, எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் டெமோ பத்து நிமிஷம்தான் ஓடுகிறது. ஒன்பது மணி நேரம் யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

'எந்த கம்பைலர் ஸார் பெஸ்ட்?' என்று கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கெய்ல் நல்ல சரக்குதான். ஆனால் 8051-க்கான அதன் இலவசப் பதிப்பில் 2 கிலோபைட்டுக்கு மேல் போகமுடியாது. உடனே திருட்டுக் காப்பியைத் தேடி ஓடுகிறார்கள். எதற்கு? சந்தீப் தத்தா ஆரம்பித்து வைத்த எஸ்டிசிசி சும்மாவே கிடைக்கிறது, சட்டப்படி. ஏவிஆருக்கு ஜிசிசி இலவசம். கையிலிருக்கும் சிப்புக்குத் தகுந்த ஒன்றை எடுத்து, அது 'இன்ட்'டுக்கு எத்தனை பிட் ஒதுக்குகிறது என்பதிலிருந்து படிக்க ஆரம்பித்தால் போதும். வைஃபை, க்ளவுட் எல்லாம் அப்புறம். சிக்னலே எட்டாத சரிவில் க்ளவுட் எதற்கு? அங்கே நிஜ மேகமே தேவைக்கு மேல் இருக்கிறது.

"பொழுதுபோக்குக்குச் செய்றதெல்லாம் சோறு போடுமா?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். ஏவிஆர் சிப்பின் அடிப்படையை யோசித்தவர்கள் ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வூலன் என்ற இரண்டு நார்வே மாணவர்கள். அவ்வளவு தூரம் வேண்டாம். ஏலமலையில் பரவலாகப் பயிராகும் 'ஞள்ளானி' ரகத்தைத் தேர்ந்து வளர்த்தெடுத்தவர் செபாஸ்டியன் ஜோசப் என்கிற இடுக்கி விவசாயி. சொந்தத் தோட்டத்தில், தன் ஆர்வத்தில், கவனித்துக் கவனித்துச் செய்தது. யாரும் மார்க் போடவில்லை.

"கடையிலேயே ரெடிமேட் கன்ட்ரோலர் கிடைக்குதே" என்பது அடுத்த வாதம். கிடைக்கிறது, தாராளமாக வாங்கலாம். மழைக்கால ராத்திரியில் அது செத்துப்போனால் திறந்து பார்க்கவும், எது சரக்கு, எது ஏமாற்று என்று சொல்லவும் ஊரில் ஒருத்தராவது வேண்டாமா? போடியிலேயே 2012 முதல் அரசு எஞ்சினீயரிங் கல்லூரி இருக்கிறது. படிக்க வருகிற பிள்ளைகளுக்கு ஸ்டோர்கள் ஒரு பஸ் தூரம்.

ஆகவே, தம்பி தங்கைகளே, ப்ராஜெக்ட்டுக்குக் கொட்டுகிற காசில் ஒரு பங்கு போதும். ஒரு பலகை, இரண்டு சென்சார், ஒரு பஸ்ஸர். முதலில் 230 வோல்ட் பக்கமே போகாமல், சூடு தாண்டினால் கத்துகிற அலாரம் மட்டும் செய்யுங்கள். கண் விழிப்பவர் ஒரு மணி நேரமாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

வைவா எடுக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ரிப்போர்ட்டைப் புரட்டவேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை ராத்திரி பூரா ஓடவிட்டுப் பார்த்தாயா?"