ஒரு கையில் பாட்டில், மறு கையில் காப்பீட்டு அட்டை!

அறிஞர் அண்ணா பிறந்த ஊர் காஞ்சிபுரம். 1969-இல் புற்றுநோய் அவரைக் கொண்டு போனது. அவர் பெயரிலேயே காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது.

முதல்வராக இருந்தவரை மதுவிலக்கைக் கைவிட மறுத்தவர் அண்ணா. அவர் பெயரைச் சொல்லி ஆண்ட கழகங்கள் செய்தது என்ன? ஒரு கழகம் 1971-இல் மதுவிலக்கைத் தள்ளி வைத்தது. மறு கழகம் 2003-இல் டாஸ்மாக் மூலம் அரசையே சில்லறைச் சாராய வியாபாரியாக்கியது!

மது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே அறிவித்துவிட்டது. அதை விற்கும் அரசுதான் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் நீட்டுகிறது. சிகிச்சை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; ஏழைக்கு அந்த அட்டைதான் உயிர். ஆனால் நோயைக் காசுக்கு விற்றுவிட்டு மருந்தை இலவசமாகக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

1986-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலக மாநாடு ஒரு பிரகடனம் வெளியிட்டது. மக்களின் உடல்நலம் சுகாதாரத் துறையின் பொறுப்பு மட்டுமல்ல. வரி போடும் துறையும் வணிகத் துறையும்கூட, தம் முடிவால் மக்கள் உடல்நலம் என்னவாகும் என்று பார்த்தாக வேண்டும் என்றது. நலவாழ்வு மேம்பாடு என்பது இதுதான். பாட்டிலில் எச்சரிக்கையை அச்சடித்துவிட்டு, குடித்தவன் மேல் பழி போடுவதல்ல!

இஸ்லாம் இதை என்றோ சொல்லிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் மது அருந்துபவரோடு நிறுத்தவில்லை. தயாரிப்பவர், சுமப்பவர், விற்பவர், அந்தக் காசைத் தின்பவர் என அத்தனை பேரையும் குற்றவாளியாக்கினார்கள்.

சரி, நம் கடைகளின் நிலை என்ன? செவிலிமேட்டு வியாபாரச் சகோதரர்களே! நாள் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து, அலுப்புத் தெரியாமலிருக்க வாயில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் நெசவாளிக்கு அதை எடுத்துக் கொடுப்பது யார் கை? குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழகம் 2013-இல் தடை போட்டது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கவே கூடாது என்பது 2003-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். 'நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான்' என்கிறீர்களா? டாஸ்மாக்கை நடத்தும் அரசும் இதே சாக்கைத்தானே சொல்கிறது!

இளைஞர்களே! கடை கடையாகச் சென்று பேசுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! ஜும்ஆ மேடையில் இதை எடுத்துச் சொல்லுங்கள். நம் கடையில் தொங்கும் புகையிலைச் சரத்தை முதலில் அவிழ்ப்போம். அதன் பிறகு டாஸ்மாக்கை இழுத்து மூடு என்று வீதியில் நின்று கேட்போம். அப்போதுதான் அந்தக் குரலுக்கு வலிமை இருக்கும்!